மர்மம், திகில், விஞ்ஞானக் கதை: அடுத்த நல்ல புத்தகத்தை எங்கே தேடுவது? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஓர் ஒப்பீடு

கொஞ்சக் காலமாக ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. களுவாஞ்சிகுடிப் பக்கம் படிப்பிக்கிற ஓர் அக்கா, துப்பறியும் நாவல் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார், கடைசியாக வாங்கிய எல்லாமே பாதியில் சப்பென்று போய்விட்டது, இனி எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறார். அக்கரைப்பற்றில் ஒரு தம்பிக்கு விஞ்ஞானக் கதைதான் உயிர். அமேசானின் மின்னூல் வாசிக்கிற கருவியான கிண்டிலை வாங்கட்டுமா, இல்லை அந்தக் காசுக்குக் கொழும்பிலிருந்து புத்தகமாகவே எடுப்பிக்கட்டுமா என்பது அவருடைய யோசனை. பொத்துவிலில் இருந்து கேட்டவருக்குப் பேய்க்கதையும் மாந்திரிகக் கதையும் வேண்டும், கையில் இருப்பது ஒரு போன் மட்டும்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்: புத்தகத்தின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. இந்த நிலையில் ஒருவர் முதலில் தேட வேண்டியது, பிடிக்காத புத்தகத்தை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தாலும் நட்டம் வராத ஓர் இடத்தை. சிறந்த புத்தகம் அதற்குப் பிறகு தானாக வரும். ஆயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய நாவலை நாம் மூடுவதில்லை, காசு போட்டோமே என்று கடைசிப் பக்கம் வரை இழுத்துப் பிடித்து வாசிக்கிறோம், அது கெட்ட கதை என்று ஐம்பதாம் பக்கத்திலேயே தெரிந்திருந்தும். அப்படி இரண்டு மூன்று நடந்தால் வாசிப்பே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. கீழே வருகிற ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான் போகிறது.

## ஏன் அடுத்தடுத்துச் சறுக்குகிறது

தமிழில் நாம் மர்ம நாவல் என்று வாங்குகிறவற்றில் பெரும்பங்கு முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை, அல்லது மாத நாவலாக ஒரே இதழில் முடிந்தவை. தொடருக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு கொக்கி வேண்டும். கதவு தட்டப்படும், திறந்தால் யார் என்று அடுத்த வாரம். கிழமைக்கு ஒருமுறை வாசித்தவர்களுக்கு அது சரியாக இருந்தது. அதையே புத்தகமாக ஒரே மூச்சில் வாசிக்கும்போது ஆறு பக்கத்துக்கு ஒருதரம் கதவு தட்டப்படுகிறது, நடுப்பகுதி சவ்வாக இழுபடுகிறது, முடிவை மட்டும் இரண்டு பக்கத்தில் அவசரமாகக் கட்டிவிடுகிறார்கள். மாத நாவலின் சிக்கல் வேறு. ஏறத்தாழ நூறு பக்கத்துக்குள் முடிய வேண்டும், அடுத்த மாதம் அடுத்தது வர வேண்டும். அந்த ஓட்டத்தில் சில அருமையாக அமைந்தன, பல அமையவில்லை. நீங்கள் வாங்குவது எந்த வார்ப்பில் எழுதப்பட்டது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். முன்னுரையில் "இது இன்ன பத்திரிகையில் தொடராக வந்தபோது" என்று ஒரு வரி அனேகமாக இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

பின்னட்டையை நம்பித் தெரிவு செய்வது இன்னொரு காரணம். பின்னட்டையில் எழுதியிருப்பது எல்லா நாவலுக்கும் ஒன்றுதான்: விறுவிறுப்பு, திடுக்கிடும் திருப்பம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, நான் மேலே சொன்னது: பாதியில் விட்டால் எவ்வளவு நட்டம். இரண்டாவது, உங்களுக்கு முன்னால் யாராவது சலித்திருக்கிறார்களா, அதாவது அந்தக் கதை உங்கள் கைக்கு வருமுன் ஓர் ஆசிரியரோ பதிப்பாளரோ வாசகர் கூட்டமோ அதை வாசித்துத் தேறியது என்று சொன்னார்களா. மூன்றாவது, நீங்கள் தேடுகிற வகை அங்கே போதுமான அளவு இருக்கிறதா. துப்பறியும் கதை மலிந்து கிடக்கிற இடத்தில் விஞ்ஞானக் கதை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். நான்காவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு: பஸ் காசு, கண் வலி, டேட்டா, காத்திருக்கிற நாட்கள்.

ஒரே பார்வையில் வேண்டுமென்றால் இப்படி:

| வழி | பாதியில் விட்டால் | முன்னமே சலித்தது யார் | எதற்கு நல்லது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பொது நூலகம் | நட்டமில்லை | காலமும் மற்ற வாசகர்களும் | துப்பறியும் கதை, சரித்திர நாவல் | கிழிந்த பக்கம், தேடுகிற நேரம் |
| கடையில் புதிது | முழு விலையும் | பதிப்பாளர் | ஏற்கெனவே தெரிந்த எழுத்தாளர் | நாணய மாற்று, கூரியர் |
| பழைய புத்தகம் | சின்ன நட்டம் | யாருமில்லை | மாத நாவல், காமிக்ஸ் | பயணம், அதிர்ஷ்டம் |
| இலவச மின்னூல் | நட்டமில்லை | தளத்துக்குத் தளம் மாறும் | பழைய சரித்திரக் கதை, ஈழத்து நாவல் | கண், பெரிய கோப்பு |
| கிண்டில் | மாதிரி வாசித்தால் இல்லை | பெரும்பாலும் யாருமில்லை | எல்லாம் கொஞ்சம் | கருவி, வங்கி அட்டை |
| தொடர்கதைச் செயலி | நட்டமில்லை | வாசகர் எண்ணிக்கை மட்டும் | திகில், மாந்திரிகம் | முடியாத கதைகள் |
| ஆங்கிலம் | நட்டமில்லை (பழையவை) | நூறு வருட வாசகர்கள் | விஞ்ஞானக் கதை | ஆரம்பத்தில் மெதுவான வாசிப்பு |

## பொது நூலகம்

என் முதல் தெரிவு இதுதான். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று பார்த்தால் நமது கரையோரம் முழுக்க உள்ளூராட்சி சபைகளின் நூலகங்கள் இருக்கின்றன. அங்கத்துவத்துக்குப் பெரிய காசு இல்லை, பிணைக் கையெழுத்து ஒன்று கேட்பார்கள், புத்தகத்தைப் பெரும்பாலும் இரண்டு கிழமை வைத்திருக்கலாம். பிடிக்கவில்லையா, மறுநாளே திருப்பிக் கொடுக்கலாம்.

ஆனால் நூலகத்தில் மர்ம நாவல் தேடுகிற ஆட்கள் பலர் ஒரே இறாக்கையை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று வந்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் புத்தகங்களை அடுக்குகிற முறை. டூயி பகுப்பில் தமிழ் நாவலுக்கு 894.8113 என்ற இலக்கம். அந்த இலக்கத்துக்குள் குடும்பக் கதை, சரித்திரக் கதை, கொலைக் கதை எல்லாம் கலந்துதான் நிற்கும், வகை பிரித்து வைக்கமாட்டார்கள். மொழிபெயர்ப்பு நாவல்களோ இந்த இறாக்கையிலேயே இருக்காது. தமிழில் வாசிக்கக் கிடைத்தாலும் மூலமொழியின் இலக்கத்தில்தான் அது போய் நிற்கும்: ஆங்கில நாவல் 823, அமெரிக்க நாவல் 813, பிரெஞ்சு நாவல் 843, ரஷ்ய நாவல் 891.73. தமிழில் வந்த ஷெர்லக் ஹோம்ஸையும் ஜூல்ஸ் வேர்ணையும் தேடுகிறவர் 800 தொடக்கம் 899 வரை முழு வரிசையையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சிறுவர் பகுதியையும் விடாதீர்கள், சாகசக் கதைகளின் மொழிபெயர்ப்பை அங்கே கொண்டுபோய் வைப்பது வழக்கம். சின்ன வாசிகசாலைகளில் இலக்கம் எதுவும் இல்லாமல் "நாவல்" என்று ஒரே குவியலாக இருக்கும், அங்கே கண்ணால் தேடுவதைத் தவிர வழியில்லை.

சலிப்பு வேலையை இங்கே செய்கிறவர்கள் உங்களுக்கு முன் எடுத்துப் போனவர்கள். புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கிற திகதிச் சீட்டைப் பாருங்கள். ஓரளவு பழைய புத்தகம் ஒன்றில் திகதி முத்திரைகள் நெருக்கமாக, வருடம் வருடமாக விழுந்திருந்தால் அது ஊரில் வாய்மொழியாகப் பரவியது என்று அர்த்தம். அதைவிட நேர்மையான விமர்சனம் வேறெங்கும் கிடைக்காது. சீட்டு இல்லாமல் கணினியில் பதிகிற இடமென்றால் நூலகரிடம் நேராகக் கேளுங்கள், "ஆக்கள் திரும்பத் திரும்ப எடுக்கிற மர்மக் கதை எது சேர்?" என்று கேட்டால் பெரும்பாலான நூலகர்கள் மகிழ்ச்சியோடு எழுந்து வந்து காட்டுவார்கள்.

செலவு என்று பார்த்தால், துப்பறியும் நாவலுக்கென்றே ஒரு கொடுமை இருக்கிறது: கடைசிப் பக்கங்கள். கைமாறிக் கைமாறிக் கடைசி எட்டுப் பக்கம் கழன்று போன புத்தகம் சமூக நாவலாக இருந்தால் சமாளிக்கலாம், கொலைக் கதையாக இருந்தால் மொத்த வாசிப்பும் வீண். எடுக்குமுன் கடைசிப் பக்கம் "முற்றும்" என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், வரிகளை வாசிக்காமல். முதல் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கொலையாளியின் பெயரைப் பேனையால் எழுதி வைக்கிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அண்மையில் வந்த புத்தகம் வேண்டுமென்றால் நூலகம் சரிவராது. இந்த வருடம் சென்னையில் வந்தது இங்கே இறாக்கைக்கு வர நிறையச் சுணங்கும்.

## கடையில் புதுப் புத்தகம்

தமிழ்நாட்டுப் பதிப்பை இங்கே வாங்கும்போது முதலில் நாணய மாற்று. ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்தாலே 400 ரூபாய் நாவல் 1,400 ஆகிறது. கப்பல் கூலி, கடைக்காரர் இலாபம் சேர 1,600, 1,800 என்று வந்து நிற்கும். கொழும்பில் பூபாலசிங்கம், சேமமடு போன்ற தமிழ்ப் புத்தகக் கடைகளில் இருந்து கூரியரில் எடுப்பித்தால் அதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் இருந்து நேரே ஒற்றைப் புத்தகம் வரவழைப்பதை மறந்துவிடுங்கள், அனுப்புகிற கூலி புத்தகத்தை முந்திவிடும்.

பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் வழமையாகச் செப்டெம்பரில் நடக்கிற கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் கழிவு கிடைக்கும், உண்மைதான். ஆனால் மட்டக்களப்பில் இருந்து உதயதேவி ரயிலில் ஏறினால் போகவே எட்டு ஒன்பது மணித்தியாலம். அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்கு ரயிலே இல்லை, முதலில் மட்டக்களப்புக்கு வர வேண்டும் அல்லது இரவு பஸ். புத்தகத்துக்காக மட்டும் போகிற பயணமென்றால் கழிவுக் காசு முழுவதும் வழியிலேயே முடிந்துவிடும். வேறு அலுவலுக்குப் போகிறவரிடம் பட்டியல் கொடுத்து அனுப்புவது புத்தி.

இவ்வளவு சொன்னாலும் புதுப் புத்தகத்துக்கு எதிரி அல்ல நான். ஓர் எழுத்தாளருடைய ஒரு நூலை நூலகத்தில் முழுதாக வாசித்துப் பிடித்திருந்தால் அவருடைய அடுத்ததைக் கடையில் வாங்குங்கள். அச்சு நன்றாக இருக்கும், வீட்டில் நாலு பேர் வாசிக்கலாம், பிறகு இரவல் கொடுக்கலாம், எழுதியவருக்கும் ஏதாவது போய்ச் சேரும். அடுத்தடுத்து ஏமாந்து களைத்திருக்கிற நேரத்தில், பெயர் தெரியாத ஒருவரின் நாவலை அட்டை பார்த்து வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

## பழைய புத்தகமும் மாத நாவலும்

கொழும்பில் மருதானைப் பக்கம், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சிங்களமும் ஆங்கிலமும்தான் அதிகம், ஆங்கிலத்தில் குற்ற நாவல் வாசிக்கிறவருக்கு அது நல்ல இடம். தமிழ்ப் பழைய புத்தகம் நமது பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் வீடுகளில்தான். ஒரு காலத்தில் மாதம் தவறாமல் மாத நாவல் வாங்கிய குடும்பங்களில் கட்டுக் கட்டாக இன்னும் இருக்கலாம், வெள்ளத்துக்கும் 2004 சுனாமிக்கும் தப்பியிருந்தால். கரையோரத்தில் எத்தனை வீட்டுப் புத்தக அலுமாரிகள் அந்த ஒரு காலையில் போயின என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

மாத நாவல் வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரே எழுத்தாளரை வரிசையாக ஐந்து ஆறு வாசித்தால் அச்சு ஒன்றாகத் தெரியத் தொடங்கிவிடும், கொலையாளி மூன்றாம் அத்தியாயத்தில் தேத்தண்ணி கொடுத்த அந்த நல்ல மனிதர்தான் என்று முன்கூட்டியே பிடிபட்டுவிடும். இடையில் வேறு ஆளை வாசியுங்கள். நூறு பக்கம்தான் என்பதால் பிடிக்காவிட்டாலும் ஒரு மாலை நேரம்தான் போகும்.

காமிக்ஸும் இந்தக் கணக்கில் சேரும். சிவகாசியில் இருந்து 1972 தொடக்கம் முத்து, 1984 தொடக்கம் லயன் என்று வந்த சித்திரக்கதைகளில் ஐரோப்பியத் துப்பறிவும் அமெரிக்க மேற்குச் சாகசமும் நல்ல தமிழில் இருக்கின்றன. நாவல் களைத்துவிட்ட ஒருவருக்கு நல்ல இடைவேளை. ஆனால் பழைய இதழ்களைச் சேகரிப்போர் விலையை ஏற்றிவைத்திருக்கிறார்கள், வாசிக்க மட்டும் விரும்புகிறவர் அந்தப் போட்டிக்குள் போகத் தேவையில்லை.

## இலவச மின்னூல்

மூன்று இடங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களோடு உரிமை முடிந்த, நாட்டுடைமையான நூல்களையும் இலவசமாகத் தருகிறது. கல்கியின் சரித்திர நாவல்கள் அங்கே இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே பொது உரிமத்தில் கொடுத்தவை, போனுக்கும் கிண்டிலுக்கும் பொருந்துகிற வடிவில் கிடைக்கும், தரம் மட்டும் மேலும் கீழுமாக இருக்கும்.

மூன்றாவதுதான் நம்முடையது, நூலகம் எண்ணிம நூலகம். 2005-இல் தொடங்கிய இதில் ஈழத்து நாவல், சஞ்சிகை, பத்திரிகை என்று கடல்போலக் கிடக்கிறது. ஈழத்தில் மர்மமும் சாகசமும் ஏது என்று கேட்கிற ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படுகிற சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885-இல் வந்தது. அது குழந்தைக் கடத்தலில் தொடங்குகிற, எகிப்தையும் பம்பாயையும் தொட்டுப் போகிற ஒரு சாகசக் கதை. 1891-இல் வந்த ஊசோன் பாலந்தை கதையையும், 1895-இல் வந்த மோகனாங்கி என்ற சரித்திர நாவலையும் எழுதிய இருவருமே திருகோணமலைக்காரர்கள். நமது நாவல் மரபு தொடங்கியதே இந்த வகைக் கதைகளில்தான், அதிலும் கிழக்குக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. பிறகு 1970களில் இந்தியப் பத்திரிகைகளின் வரவு கட்டுப்பட்டபோது வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் தொடர்ந்து நாவல்கள் வெளியிட்டது. எழுத்தாளர் பெயர் தெரியாவிட்டாலும் பதிப்பகப் பெயரை வைத்து அங்கே தேடிப் பாருங்கள்.

இங்கே செலவு கண்ணுக்கு. இந்த எண்ணிம நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தைப் படம்பிடித்த பிடிஎஃப் கோப்புகள், போனில் எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளி ஒரு நாவலை முடிப்பது பெரிய பாடு. போனைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் கொஞ்சம் சுகம், டெப்லெட் இருந்தால் பிரச்சினை இல்லை. கோப்புகளும் பெரியவை, வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு வாருங்கள்.

## கிண்டில்

2016 டிசம்பரில் இருந்து கிண்டிலில் தமிழ் இருக்கிறது. இதில் பலர் பயன்படுத்தாத வசதி மாதிரி வாசிப்பு: எந்தப் புத்தகத்திலும் தொடக்கத்தில் ஒரு பகுதி, ஏறத்தாழப் பத்திலொன்று, இலவசமாக வாசிக்கலாம். அடுத்தடுத்து ஏமாந்தவருக்கு இதுதான் மருந்து. ஒரே இரவில் நாலு மாதிரியை இறக்கி நாலின் தொடக்கத்தையும் வாசித்தால், எது உங்களை இழுக்கிறது என்று காசு கொடுக்காமலே தெரிந்துவிடும். இதற்குக் கருவி வேண்டாம், போனில் இலவச செயலி போதும்.

சலிப்பு என்று பார்த்தால் இங்கே ஏறத்தாழ இல்லை. யாரும் எதையும் ஏற்றலாம். பிழை திருத்தாத, அத்தியாயம் குழம்பிய நாவல்களும் நல்ல அட்டையோடு நிற்கும். நட்சத்திரங்களை நம்ப வேண்டாம், சொந்தக்காரரும் சிநேகிதரும் போடுகிறார்கள். மூன்று நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதியவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள், பயனுள்ளது அங்கேதான் இருக்கும்.

மறைந்த செலவு: வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை வேண்டும், விலை டொலரில் கழியும். மாதச் சந்தா கட்டி வேண்டியதை வாசிக்கிற கிண்டில் அன்லிமிடெட் எல்லா நாட்டுக் கணக்குக்கும் கிடைக்காது, உங்கள் கணக்கில் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி வாங்குவதென்றால் முப்பதாயிரத்துக்கு மேல். அப்புறம், வாசித்து முடித்ததைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்க முடியாது, புத்தகம் கைமாறுகிற ஊரில் வளர்ந்த ஆட்களுக்கு இது உறுத்தும்.

## தொடர்கதைச் செயலிகள்

பிரதிலிபி போன்றவை. எழுதுகிறவர் நேரே ஏற்றுகிறார், நீங்கள் நேரே வாசிக்கிறீர்கள். இலவசமாக நிறைய, சில அத்தியாயங்களுக்கு மட்டும் காசு. பேயும் மாந்திரிகமும் தேடுகிற ஆட்களுக்கு அச்சில் கிடைப்பதைவிட இங்கே அதிகம் கிடைக்கும்.

ஆனால் நூற்றுக்கணக்கான அத்தியாயம் போய்க்கொண்டேயிருக்கிற கதைகள், எழுதியவர் பாதியில் விட்டுப் போன கதைகள் ஏராளம். "முடிந்தது" என்று குறித்திருப்பதை மட்டும் தொடங்குங்கள், அதிலும் நாற்பது அத்தியாயத்துக்குள் முடிந்ததைத் தெரிவு செய்தால் நல்லது. முதல் மூன்று அத்தியாயத்துக்குள் பேய் முழுசாக வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்காரர் நம்மைப் பற்றிச் சொல்கிற பேச்சு எல்லோருக்கும் தெரியும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கிற மீன்பாட்டு, 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்து இன்றும் நமது கடலுக்கடியில் கிடக்கிற ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், இவையெல்லாம் எந்த நாட்டு எழுத்தாளரும் பொறாமைப்படுகிற கதைப்பொருள். இதை எழுதுகிற பிள்ளைகள் இன்று இந்தச் செயலிகளில்தான் எழுதிப் பழகுவார்கள் என்று நம்புகிறேன், அதனால்தான் குறைகளோடும் இதை ஒதுக்கிவிட மனமில்லை.

## ஆங்கிலத்தில் வாசிப்பது

விஞ்ஞானக் கதைக்காரருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் சுஜாதா போட்ட பாதையில் நடந்தவர்கள் குறைவு, அந்த இறாக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் குட்டன்பேர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் எச்.ஜி. வெல்ஸ், ஷெர்லக் ஹோம்ஸ், ட்ராகுலா, ஃபிராங்கென்ஸ்டைன் எல்லாம் சட்டப்படி இலவசம், எழுத்துக் கோப்பு என்பதால் சின்னப் போனிலும் வடிவாகத் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் வாசகர்கள் சலித்துத் தந்தவை அவை. நீண்ட நாவலில் தொடங்காமல் சிறுகதையில் தொடங்குங்கள், ஹோம்ஸ் சிறுகதை ஒன்றை ஒரே இருப்பில் முடிக்கலாம்.

இலங்கையரின் ஆங்கிலக் கற்பனையும் இப்போது நன்றாக இருக்கிறது. வஜ்ர சந்திரசேகர எழுதி 2023-இல் வந்த நாவல், விஞ்ஞானக் கதைக்கும் மிகுகற்பனைக்கும் அமெரிக்காவில் கொடுக்கிற நெபுலா விருதைப் பெற்றது. நமது நாட்டு வாசனையோடு மிகுகற்பனை வேண்டுமென்ற ஆட்கள் அவரைத் தேடலாம், ஆனால் அது புதுப் புத்தகம், காசு கொடுத்துத்தான்.

## எந்த வழியில் வந்தாலும், முதல் முப்பது பக்கத்தில்

துப்பறியும் கதைக்கு 1929-இல் ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பத்து விதி எழுதினார். அதில் ஒன்று: துப்பறிகிறவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும். "அவர் குனிந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுப் புன்னகைத்தார்" என்று எழுதிவிட்டு அது என்னவென்று சொல்லாமல் நகர்கிற நாவலை அங்கேயே மூடலாம். விஞ்ஞானக் கதையில், கண்டுபிடித்த பொருளால் செய்ய முடியாதது எது என்று தெரிகிறதா பாருங்கள். எல்லாம் முடியுமென்றால் கதை நிற்காது. சரித்திர நாவலில் ஆட்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதில் போகிறார்கள், யாருக்குக் கடன் என்று ஒன்றாவது வருகிறதா, இல்லை வாளும் வருணனையும் மட்டும்தானா. திகில் கதையில் பயம் வருமுன் அந்த வீட்டின் சாதாரண நாள் ஒன்றை நமக்குக் காட்டினாரா.

## யாருக்கு எது

களுவாஞ்சிகுடி அக்காவுக்கு நூலகம், சந்தேகமே இல்லை. மொழிபெயர்ப்பு இறாக்கைகளில் தொடங்கட்டும், தொடர்கதை வார்ப்பில் களைத்திருக்கிறார், முழு நாவலாகவே எழுதப்பட்டவை அவருக்கு வேறு சுவையாக இருக்கும். பிடித்த பெயர் ஒன்று கிடைத்த பிறகு கடையில் அவருடைய அடுத்ததை வாங்கலாம். வேலையெல்லாம் முடிந்து இரவில் வாசிக்கிறவர், நாள் முழுக்கக் கொப்பி திருத்திய கண்ணோடு போன் வேண்டாம்.

பொத்துவில்காரர் செயலியில் முடிந்த கதைகளைப் பார்க்கட்டும், கூடவே கிண்டில் செயலியில் மாதிரிகளை. ஒரு சதமும் கட்டாமல் இரண்டையும் சில கிழமை ஓட்டலாம்.

அக்கரைப்பற்றுத் தம்பி இப்போதைக்குக் கிண்டில் கருவியும் வாங்க வேண்டாம், கொழும்புக்குப் பட்டியலும் அனுப்ப வேண்டாம். போனில் குட்டன்பேர்க்கில் இருந்து வெல்ஸின் கால யந்திரக் கதையை இறக்குங்கள், 1895-இல் வந்த சின்ன நாவல்தான். அதைப் போனிலேயே முடித்து இன்னொன்றையும் முடித்துவிட்டால் திரையில் வாசிக்கிற பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது, முப்பதாயிரம் போடலாம். பாதியில் போனை வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டீர்களென்றால் நீங்கள் காகிதத்து ஆள், அந்தக் காசுக்குப் பதினைந்து புத்தகமாவது வரும், முதலில் அக்கரைப்பற்று நூலகத்தில் 823-ஐயும் 813-ஐயும் பார்த்துவிட்டுப் பட்டியல் போடுங்கள்.